என்ஜிசி 6240: ஒரு திட்டுக்குள் இரண்டு கருந்துளைகள்

இரண்டு கேலக்ஸிகள் மோதி ஒன்றானால், அவற்றின் நடுவிலிருந்த ராட்சதக் கருந்துளைகள் என்ன ஆகும்? படித்தது போதும், தரவிலேயே பார்த்துவிடுவோம் என்று உட்கார்ந்தேன். எடுத்துக்கொண்டது என்ஜிசி 6240. சுமார் 40 கோடி ஒளியாண்டு தொலைவில் இன்னும் முழுசாகக் கலந்து முடியாத கேலக்ஸி. சந்திரா எக்ஸ் கதிர் தொலைநோக்கி 2001 ஜூலையில் இதைப் பத்து மணி நேரம் பார்த்தது. உள்ளே இருக்கும் இரண்டு கருந்துளைகளுமே வாயுவை விழுங்கிக்கொண்டிருக்கின்றன என்று 2002-ல் அறிவித்தார்கள். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த வானியற்பியலாளர் சந்திரசேகரின் பெயரைத் தாங்கிய தொலைநோக்கி அது. தரவை யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுக்கலாம். 2001 பதிவுக்கான 1590 என்ற எண்ணைத் தேடி இறக்கினேன்.

டிஎஸ்9 என்ற வானியல் பட மென்பொருளில் திறந்தால் ஒரே மங்கல் திட்டு. ஒரு மாலை முழுக்க வண்ணத்தையும் வெளிச்சத்தையும் மாற்றிப் பார்த்தேன், பிரியவில்லை. பிழை எங்கே என்று அப்புறம்தான் புரிந்தது. எல்லா ஆற்றலையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். மோதலில் சூடான வாயு குறைந்த ஆற்றலில் பரவலாக ஒளிர்ந்து, நடுவை மூடிவிடுகிறது.

சந்திராவின் ஃபைல் வெறும் படமல்ல. வந்து விழுந்த ஒவ்வொரு போட்டானுக்கும் (ஒளித்துகளுக்கும்) இடம், நேரம், ஆற்றல் மூன்றும் பதிவாகியிருக்கும். அதனால் வேண்டியதை மட்டும் சலித்தெடுக்கலாம். கருந்துளையருகே பிறக்கும் எக்ஸ் கதிர் சுற்றியுள்ள குளிர்ந்த வாயுவில் பட்டால், அங்குள்ள இரும்பு அணுக்கள் 6.4 கிலோ எலக்ட்ரான் வோல்ட், அதாவது 6400 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் ஒளிரும். தூசி மறைக்க முடியாத ஒளி அது. ஃபில்டரில் 6000 முதல் 7000 எலக்ட்ரான் வோல்ட் வரை என்று கொடுத்தேன்.

திட்டு காணாமல் போய், சில புள்ளிகள் மட்டும் மிஞ்சின. சந்திராவின் ஒரு பிக்சல் ஏறக்குறைய அரை ஆர்க்செகண்ட் (ஒரு டிகிரியில் 3600-ல் ஒரு பங்குதான் ஆர்க்செகண்ட்). இரண்டு மையங்களுக்கும் இடைவெளி ஒன்றரை ஆர்க்செகண்ட்தான், அதாவது மூன்றே பிக்சல். பிக்சலை நான்கில் ஒரு பங்காக்கி, லேசாக மென்மையாக்கியதும் தெற்கே பிரகாசமாக ஒன்று, வடக்கே மங்கலாக ஒன்று. மென்மையாக்கியதால் வந்த மாயமோ என்று அதை நீக்கியும் பார்த்தேன். அப்போதும் இரண்டுதான்!

திரையில் ஒரு விரல் நகம்கூட இல்லாத அந்த இடைவெளி நிஜத்தில் சுமார் 3,000 ஒளியாண்டு. பல கோடி ஆண்டுகளில் அதுவும் சுருங்கி, இரண்டும் ஒன்றாகிவிடும்.

2011-ல் சந்திரா இதே இடத்தை இன்னும் நீண்ட நேரம் பார்த்திருக்கிறது. அந்தத் தரவு இப்போது இறங்கிக்கொண்டிருக்கிறது. வடக்குப் புள்ளியை அதில்தான் சரியாக அளக்க வேண்டும்.