ஒரு பக்கம் தூண், மறுபக்கம் கோறைச் சுவர்

வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கமாக உள்ள ஒரு தொடர்மாடியின் நான்காம் மாடியில் நாங்கள் குடியிருக்கிறோம். எங்கள் ஹோலின் அகலம் 12 அடி, நீளம் 16 அடி. ஐந்து ஸ்பீக்கர்களும், தாழ்ந்த ஒலிகளுக்கான ஒரு சப்வூஃபரும் கொண்ட 5.1 தொகுதியை வாங்கி ஒரு வருடமாகியும், பக்கவாட்டிலிருந்து ஒலி தரும் சரவுண்ட் ஸ்பீக்கர்கள் இரண்டும் செற்றியின் இரு பக்கத்திலும் ஸ்டூல்களின்மேல்தான் இருந்தன. மகன் ஓடியாடும்போது அவற்றில் ஒன்று இரண்டு தடவை கீழே விழுந்தது. "சுவரில மாட்டினால் என்னப்பா?" என்று மனைவி கேட்ட நாளிலிருந்து வேலை முடியும்வரை நான்கு வார இறுதிகள் சென்றன. அதில் ட்ரில்லைக் கையில் பிடித்திருந்த நேரம் இரண்டு மணித்தியாலம்கூட வராது.

முதலில் நான் செய்த பிழை, உயரத்தைச் சுவரைப் பார்த்துத் தீர்மானித்தது. எங்கள் கலியாணப் படத்தின் மேல்விளிம்புக்கு நேராக, தரையிலிருந்து 210 சென்றிமீற்றரில் பென்சிலால் குறியிட்டேன். கண்ணுக்கு அது ஒழுங்காகத்தான் தெரிந்தது. ஆனால் அளவெடுக்க வேண்டியது உட்கார்ந்திருப்பவரின் காதிலிருந்து. செற்றியில் உட்கார்ந்தால் என் காது தரையிலிருந்து 97 சென்றிமீற்றரில் இருக்கிறது. உச்சியில் தனி ஸ்பீக்கர் இல்லாத சாதாரண 5.1 அமைப்பில், சரவுண்ட் ஸ்பீக்கர்களைக் காதுக்கு இரண்டு, மூன்று அடி மேலே வைப்பது நெடுங்கால வழக்கம். டொல்பி அட்மொஸ் போல மேலிருந்தும் ஒலி வரும் அமைப்பாயின், அவற்றைக் காது மட்டத்துக்குக் கிட்டவே வைக்கச் சொல்வார்கள். இல்லாவிட்டால் பக்கத்து ஒலிக்கும் மேலொலிக்கும் வேறுபாடு தெரியாமற் போய்விடும்.

கோணமும் இதே கதைதான். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1992 இல் முதலில் வெளியிட்ட பிஎஸ். 775 என்ற பரிந்துரை, நடு ஸ்பீக்கர் இருக்கும் திசையைச் சுழியமாகக் கொண்டால், முன் ஸ்பீக்கர்களை இடமும் வலமும் 30 பாகையிலும், சரவுண்ட் ஸ்பீக்கர்களை 100 தொடக்கம் 120 பாகை வரையிலும் வைக்கச் சொல்கிறது. அதாவது அவை காதின் கோட்டுக்குச் சற்றுப் பின்னே நிற்க வேண்டும். எங்கள் செற்றியோ, கொழும்பில் பெரும்பாலான வீடுகளில் உள்ளதைப் போல, பின்சுவரோடு ஒட்டிக் கிடந்தது. தலைக்கும் சுவருக்கும் இடையே 30 சென்றிமீற்றர்தான் இருந்தது. அதற்குள் 'பின்னே' என்று சொல்ல இடமேயில்லை. ஆகவே செற்றியை 45 சென்றிமீற்றர் முன்னே இழுத்தேன். நடக்கிற பாதை குறுகிவிட்டதென்று மாமி இரண்டு நாள் முறையிட்டார். பின்னர் அந்த இடைவெளியில் இஸ்திரிப் பலகையைச் செருகி வைக்கலாம் என்பதைக் கண்டுபிடித்தவரும் அவரே.

துளை போடுமுன் செய்த ஒரு காரியத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். எனது ஸ்பீக்கர்களின் முதுகில் கால் அங்குலப் புரி கொண்ட துவாரம் இருக்கிறது. கமரா முக்காலிகளில் வருவதும் அதே புரிதான். கலியாண வீடுகளில் வீடியோ எடுக்கும் நண்பர் ஒருவரிடம் இரண்டு லைட் ஸ்டாண்டுகளை இரவல் வாங்கி, ஸ்பீக்கர்களை அவற்றின் தலையில் திருகி, ஒரு வாரம் வெவ்வேறு உயரங்களில் வைத்துக் கேட்டுப் பார்த்தேன். கலியாணப் படத்தின் உயரத்தில் வைத்தபோது, மழைக் காட்சி மேல்வீட்டுக் குழாய் ஒழுகுவதைப் போலக் கேட்டது. காது மட்டத்தில் வைத்தபோது, செற்றியின் ஓரத்தில் இருந்த மனைவியின் காதுக்குள் ஒரு ஸ்பீக்கர் கத்த, மற்றது அவருக்கு இல்லாமலே போனது. 160 சென்றிமீற்றரில் ஸ்பீக்கர் எங்கே இருக்கிறதென்ற நினைவே வரவில்லை; அந்த அளவை நிச்சயித்துக்கொண்டேன். எல்லா ஸ்பீக்கர்களிலும் இந்தப் புரி இருக்குமென்று எண்ண வேண்டாம். சிலவற்றில் ஆறு மில்லிமீற்றர்ப் புரி இருக்கும். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலிருந்தாலும் மாற்றித் திருகினால் புரி அழிந்துவிடும்.

எங்கே மாட்டுவதென்பது முடிவான பிறகுதான் சுவரின் பிரச்சினை தொடங்கியது. வலப்பக்கத்தில் எங்களுக்குச் சுவரென்று ஒன்று இல்லை. பல்கனியின் கண்ணாடிக் கதவு முடியும் இடத்தில், பின்மூலையில் 30 சென்றிமீற்றர் அகலமான கொங்கிறீற் தூண் ஒன்று மட்டும் நிற்கிறது. தற்செயலாக, செற்றியை இழுத்த பின் அந்தத் தூண் 107 பாகையளவில் அமைந்தது. இடப்பக்கச் சுவர், உள்ளே வெற்றிடம் விட்டு வார்த்த சீமெந்துக் கற்களால் கட்டப்பட்டது. உதவிக்கு வந்த மின்வேலை செய்யும் அண்ணை, விரல் மொட்டியால் சுவரை அங்குலம் அங்குலமாகத் தட்டிக் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "தம்பி, இதில கோறைச் சத்தம் கேக்குது. ரோல் பிளக் நிக்காது" என்றார். ஸ்குறூ இறுகிப் பிடிக்கத் துளைக்குள் செருகும் பிளாஸ்ரிக் உறையைத்தான் அப்படிச் சொன்னார். கல்லின் நடுவே வெற்றிடம். கற்கள் பொருந்தும் விளிம்பில் மட்டும் கெட்டி. அவர் சொன்னதை நான் பாதிதான் நம்பினேன்.

தூணில் துளையிடத் தொடர்மாடியின் முகாமைத்துவக் குழுவிடம் எழுத்தில் அனுமதி கேட்டேன். சனிக்கிழமை காலை 9 மணி முதல் 12 மணி வரை என்று நேரம் தந்தார்கள். கீழ்மாடியில் இருக்கும் ஓய்வுபெற்ற மாஸ்ரரிடமும் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். "பத்து மணிக்குப் பிறகெண்டால் பிரச்சினை இல்லைத் தம்பி, நான் சந்தைக்குப் போயிடுவன்" என்றார்.

தூணில் முதல் துளை நான்கு சென்றிமீற்றர் இறங்கியதும் ட்ரில்லின் சத்தம் மாறிக் கீச்சிட்டது. முனை அதற்குமேல் நகரவில்லை. உள்ளே கம்பி. அண்ணை உடனே கையை எடுக்கச் சொன்னார். கட்டடத்தைத் தாங்கும் கம்பியை ஒரு ஸ்பீக்கருக்காகக் குடையக் கூடாது. துளையை இரண்டு விரல் தள்ளிப் போட்டோம். இரண்டாம் தடவை 50 மில்லிமீற்றரும் சீராக இறங்கியது. ஆழம் தெரிவதற்காக ட்ரில் முனையில் நிறப் பிளாஸ்ரரை ஒரு சுற்றுச் சுற்றியிருந்தோம். பூச்சு மட்டும் 15 மில்லிமீற்றருக்குக் குறையாது என்பதால், பிளக் பூச்சைத் தாண்டி உள்ளே போய்த்தான் பிடிக்க வேண்டும். துளைக்குள் இருந்த தூளை மகனின் பலூன் பம்பால் ஊதி வெளியேற்றினோம். கடற்காற்றில் சாதாரண ஸ்குறூ விரைவில் துருப்பிடிக்கும் என்பதால் துருப்பிடிக்காத உருக்கில் வாங்கியிருந்தேன்.

இடப்பக்கத்தில் அவசரப்பட்டவன் நான்தான். அண்ணை தேநீர் குடிக்கப் போன இடைவெளியில், தட்டிப் பாராமல் குறியிட்ட இடத்திலேயே துளைத்தேன். முனை திடீரென வெற்றிடத்துக்குள் விழுந்தது. பிளக்கைச் செருகி ஸ்குறூவைத் திருகினால் இரண்டும் சேர்ந்து சுற்றின. இழுத்தபோது பூச்சும் கல்லும் உதிர்ந்து பெருவிரல் போகுமளவுக்கு ஓட்டையானது. ஸ்பீக்கரின் நிறை 2.3 கிலோகிராம்தானே என்று நினைத்திருந்தேன். ஆனால் பிராக்கெட் அதைச் சுவரிலிருந்து 18 சென்றிமீற்றர் வெளியே ஏந்திப் பிடிக்கிறது. மேலும் கீழுமாக உள்ள ஸ்குறூக்களின் இடைவெளியோ 8 சென்றிமீற்றர். கணக்குப் போட்டால் மேல் ஸ்குறூவைச் சுவரிலிருந்து பிடுங்கும் இழுவை ஐந்து கிலோகிராமுக்கு மேல் வருகிறது. அடுத்த வாரம் பழைய சோனகத் தெருவின் வன்பொருட் கடைகளில் அலைந்து, வெற்றிடத்துக்குள் போய்க் குடைபோல விரிந்து கல்லின் பின்பக்கத்தைப் பற்றிக்கொள்ளும் ஆணிகள் நான்கு வாங்கி வந்தேன். பழைய ஓட்டையிலிருந்து ஒரு சாண் தள்ளி மாட்டியபின், பிராக்கெட்டைப் பிடித்துத் தொங்காத குறையாக இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை.

வயரைப் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் வாங்கினேன். முதற்கடையில் செம்பு என்று சொல்லித் தந்த வயரின் ஓர் இழையை பிளேட்டால் சுரண்டியதும் உள்ளே வெள்ளையாகத் தெரிந்தது. செம்பு பூசிய அலுமினியம். அதன் மின்தடை செம்பைப் போல ஒன்றரை மடங்குக்கும் அதிகம். அடுத்த கடையில் 1.5 சதுர மில்லிமீற்றர்ச் செம்பு வயர் கிடைத்தது. வலப்பக்க வயர் பல்கனிக் கதவின் நிலைக்கு மேலாகச் சுற்றி வர வேண்டியிருந்ததால் 11 மீற்றர் பிடித்தது. போக, வர 22 மீற்றருக்கு மின்தடை ஏறத்தாழ 0.3 ஓம், 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது பொறுக்கக்கூடிய அளவே. சுவரிலுள்ள 230 வோல்ட் மின்குழாய்க்குள்ளேயே வயரை விட்டுவிடலாமே என்று எனக்கும் ஆசை வந்தது. அண்ணை அதை ஒரே சொல்லில் மறுத்தார். காப்புறை எங்காவது கிழிந்தால், ஸ்பீக்கர்களுக்கு ஒலியைப் பகிர்ந்து அனுப்பும் ரிசீவரைத் தொடுபவருக்கே ஆபத்து. வெளியே பி.வி.சி. கேசிங் அடித்து வெள்ளை பூசிவிட்டோம்.

ஸ்பீக்கர்களின் தூரத்தை ரிசீவரே கணக்கிடுவதற்காக அளவீட்டு மைக்கை வைத்து அதை ஓடவிட்டபோது, வலது சரவுண்டின் முனைகள் மாறியிருப்பதாக எச்சரிக்கை காட்டியது. கதவுக்கு மேலே வயரை இணைத்த இடத்தில் சிவப்பையும் கறுப்பையும் நானே மாற்றிப் பிடித்திருந்தேன். அதைத் திருத்திவிட்டு மறுபடி தொடங்கினால், மாத்தறைப் பக்கம் போகும் புகையிரதம் ஒன்று வந்து கண்ணாடிகளை அதிரவைத்தது, அளவீடு கெட்டது. இறுதியில் இரவு பதினொரு மணிக்குப் பிறகு, மின்விசிறியையும் நிறுத்தி, எல்லோரையும் அறைக்குள் அனுப்பிவிட்டு எடுத்தேன். இரு சரவுண்டுகளுக்கும் 2.0 மீற்றர் என்று தூரம் வந்தது. நாடாவால் நான் அளந்ததும் அதுவே. முன் ஸ்பீக்கர்கள் மூன்று மீற்றரில் இருப்பதால், அந்த ஒரு மீற்றர் வித்தியாசத்துக்கு ஏறத்தாழ மூன்று மில்லிசெக்கன் தாமதத்தைச் சரவுண்டுகளுக்கு ரிசீவரே சேர்த்துக்கொள்கிறது.

இடப்பக்கத்து ஓட்டையை அடைத்து, மிச்சமிருந்த பெயின்ரைப் பூசினேன். நிறம் ஒட்டவில்லை, பகல் வெளிச்சத்தில் வெள்ளைச் சட்டையில் தேநீர் சிந்தியதைப் போலத் தெரிந்தது. மாமி அதன்மேல் கோயில் நாட்காட்டியைத் தொங்கவிட்டிருக்கிறார். அதற்கான ஆணியை அடிக்குமுன் அவர் சுவரைத் தட்டிக் கேட்டார்.