ஃபுட்டரில் ஒளிந்திருந்த லிங்க்குகளும் கூகுள் போட்ட தண்டனையும்

ஒருவழியாக, விதிமீறலுக்காகக் கூகுள் ஆட்களே பார்த்து என் தளத்துக்குப் போட்ட தண்டனையான மேனுவல் ஆக்‌ஷன் நீங்கிவிட்டது. ஆனால் ஹோஸ்டிங் கம்பெனி மேல் இருக்கும் கடுப்பு இன்னும் அடங்கவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

சின்ன தளம்தான். சர்வர், டெம்ப்ளேட் (பக்கங்களின் அச்சு வடிவம்) எல்லாமே அவர்களுடையது. மாதாமாதம் பணம் கட்டிவிட்டு எழுத்தையும் படத்தையும் மாற்றுவதோடு நம் வேலை முடிந்தது. திடீரென்று நிறுவனத்தின் பெயரையே போட்டுத் தேடினாலும் தளம் வரவில்லை. தள உரிமையாளர்களுக்குக் கூகுள் தரும் சர்ச் கன்சோலில் பார்த்தால் மறைத்துவைத்த எழுத்து, கீவேர்டு திணிப்பு (தேடல் வார்த்தைகளை அளவுக்கு மீறி நிரப்புவது) என்று மேனுவல் ஆக்‌ஷன், அதுவும் எல்லாப் பக்கங்களுக்கும்.

சப்போர்ட்டில் கேட்டால், "எங்கள் பக்கம் பிரச்சினை எதுவும் இல்லை, பிரவுசர் கேஷை கிளியர் பண்ணிப் பாருங்கள்" என்கிறார்கள். கூகுள் போட்ட தண்டனைக்கும் என் பிரவுசருக்கும் என்ன சம்பந்தம்? அடுத்து வந்தவர் டிஸவவ் ஃபைல் (இந்த லிங்க்குகளைக் கணக்கில் எடுக்காதே என்று கூகுளுக்குக் கொடுக்கும் பட்டியல்) ஏற்றச் சொன்னார். வெளியிலிருந்து நம் தளத்துக்கு வரும் லிங்க்குகளுக்குத்தான் அது; நம் பக்கத்துக்குள் ஒளிந்திருப்பதற்கு ஒரு பிரயோஜனமும் கிடையாது.

பிரவுசரின் வியூ சோர்ஸில் (பக்கத்தின் பின்னாலுள்ள கோட்) வரிவரியாகத் தேடியும் ஒன்றும் சிக்கவில்லை. சர்ச் கன்சோலில் யூஆர்எல் இன்ஸ்பெக்‌ஷன் போய், லைவ் டெஸ்ட் (கூகுள் அப்போதே பக்கத்தை எடுத்துப் பார்க்கும் சோதனை) ஓட்டி, அது காட்டும் ஹெச்டிஎம்எல்லைப் பார்த்தபோதுதான் குட்டு உடைந்தது. ஃபுட்டருக்கு, அதாவது பக்கத்தின் அடிப்பகுதிக்கு, சற்று மேலே ஒரு டிவ் (கோடில் ஒரு பெட்டி மாதிரி): பொசிஷன் அப்சல்யூட், லெஃப்ட் மைனஸ் 9999 பிக்சல். திரைக்கு இடப்புறம் கண்காணாத தூரத்தில் தள்ளிவைத்து, உள்ளே கடன், சூதாட்டம், மாத்திரை விற்கும் தளங்களுக்கு வரிசையாக லிங்க்குகள். அதுவும் கூகுள்பாட் (பக்கங்களைப் படிக்கக் கூகுள் அனுப்பும் புரோகிராம்) வந்தால் மட்டும் எட்டிப்பார்க்கும், நாம் திறந்தால் பக்கம் படு சுத்தம்! இப்படி ஏதாவது வந்தால் பிரவுசரை நம்பாதீர்கள், கூகுள் பார்ப்பதை நீங்களும் பாருங்கள். (கிளிக் செய்தால் விரியும் மெனு, டேப் எல்லாம் குற்றமில்லை, பயந்துபோய் அதையெல்லாம் பிடுங்கிப்போட வேண்டாம்.)

ஸ்கிரீன்ஷாட் போனதும் பேச்சு மாறியது. ஃபுட்டரை நீங்களே எடிட் செய்து நீக்கிவிடுங்கள் என்றார்கள், அதைத் தொடும் வசதியே என் பேனலில் இல்லாதபோது! அவர்கள் டிக்கெட்டை மூட, நான் திறக்க, கடைசியில் "சரிசெய்துவிட்டோம்" என்று ஒற்றை வரி. எந்த ஃபைல், எப்படி நுழைந்தது, மூச்சே விடவில்லை. எல்லாப் பக்கமும் சுத்தம் என்று எழுத்தில் வாங்கிக்கொண்டுதான் கூகுளுக்கு மறுபரிசீலனைக் கோரிக்கை அனுப்பினேன். நிராகரித்துவிட்டார்கள். உதாரணமாகக் காட்டியிருந்தது தொடர்புப் பக்கம். அதற்குத் தனி டெம்ப்ளேட்டாம், அதை யாரும் தொடவே இல்லை.

மறுமுறை ஒவ்வொரு வகைப் பக்கத்தையும் நானே டெஸ்ட் செய்தேன். என்ன இருந்தது, யார் நீக்கினார்கள், முன்னும் பின்னும் கோட் எப்படி இருந்தது, சப்போர்ட் எழுதிக்கொடுத்த பதில், எல்லாவற்றையும் கோரிக்கையில் சேர்த்தேன். பதில் வர வாரக்கணக்கில்கூட ஆகலாம், அதற்குள் இன்னொன்று அனுப்பாதீர்கள். தண்டனை நீங்கியதும் பழைய இடம் உடனே கிடைத்துவிடாது, எனக்கு இன்னும் முழுசாகத் திரும்பவில்லை.

இப்போது வேறு ஹோஸ்டிங்குக்கு மாறிக்கொண்டிருக்கிறேன். டொமைனை (தளத்தின் முகவரிப் பெயர்) வேறிடத்தில் வாங்கியிருந்ததால் தப்பித்தேன். அதையும் ஹோஸ்டிங்காரர்களிடமே வாங்கியவர்கள், சண்டையைத் தொடங்கும் முன்பே டொமைனை வேறிடத்துக்கு மாற்றவிடாமல் தடுக்கும் டிரான்ஸ்பர் லாக்கை எடுக்கச் சொல்லி, மாற்றுவதற்கான ரகசியக் குறியீட்டையும் கையில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.