பாறசாலைப் பாட்டாவும் ஒரு குடமும்

காலையில் ஒழுகினசேரியில் இறங்கிக் கொஞ்ச நேரம் நடந்தேன். 1908-ல் நகைச்சுவை நடிகர் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் பிறந்த ஊர். அன்று இது திருவிதாங்கூர் ராஜ்யம். 1956 நவம்பர் 1-ல்தான் தமிழகத்தோடு சேர்ந்தது. அங்கிருந்து களியக்காவிளைக்கு பஸ். எல்லையைத் தாண்டினால் பாறசாலை. கடைப் பலகைகள் மலையாளத்துக்கு மாறுகின்றன. நான் பார்க்கப்போன வீட்டில் பேச்சு மாறவில்லை.

பாட்டாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. நெய்யாற்றின்கரையிலிருந்து தோவாளை வரை கோயில் கொடை விழாக்களில் வில்லுப்பாட்டுக்குக் குடம் அடித்தவர். புலவர் கதை சொல்லும்போது நடுவில் புகுந்து ஏடாகூடமாகச் சந்தேகம் கேட்பதும் அவர் வேலைதான். அவர் பெயர் சொன்னாலே கூட்டம் சேருமாம்.

“வாயைத் திறந்தா போரும் மக்ளே, சிரிப்பாவ. எனக்க மவளைப் பொண்ணு பாக்க வந்திருக்காவ. நகைப் பேச்சு வந்துது. ‘எங்களால இவ்வளவுதான் முடியும்’னேன். ஒரே சிரிப்பு. தமாசுக்குச் சொல்லுகேன்னு நெனச்சுட்டாவ. பொறவு மச்சினன்தான் பேசி முடிச்சான்.”

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் சிரிப்பே இல்லை. எனக்கு நெஞ்சை என்னவோ செய்தது.

பேச்சு கலைவாணர் பக்கம் போனது. 1944-ல் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் கைதாகி, 1947-ல் விடுதலையாகி வந்தவர். அதன்பிறகு காந்தி மகான் கதையை வில்லுப்பாட்டாகவே மேடையேற்றினார். “ஜெயிலுக்குப் போய்ட்டு வந்த மனுசனைப் பாத்து ஜனங்க பழையபடி சிரிச்சாவளே, அது பெரிய காரியமாக்கும்” என்றார் பாட்டா. அந்தக் கதையைக் கேட்டுவிட்டு வந்த பிறகுதான் இவருடைய ஆசானும் சாமி கதைகளுக்குள் சிரிப்பைச் சேர்த்தாராம்.

ஆணியில் தொங்கிய பத்தியை, குடத்தின் வாயில் அடிக்கும் மட்டையை, எடுத்துக் காட்டினார். கமுகம்பாளையில் செய்து, ஓரத்துக்குத் துணி வைத்துத் தைத்தது. பெருவிரல் படும் இடம் மட்டும் கறுத்து, வழவழவென்று தேய்ந்திருந்தது. மூலையில் கிடந்த குடத்தை மடியில் சாய்த்து நாலு அடி அடித்தார். சட்டென்று நிறுத்தினார்.

“இந்த நிப்புலதான் சிரிப்பு இருக்கு. அரை மாத்திரை பிந்தினா ஒருத்தனும் சிரிக்கமாட்டான். எனக்க மூஞ்சியைத்தான் எல்லாரும் நெனச்சு வச்சிருக்கான். கையை எவனும் பாக்கல.”

எனக்கும் அதே குறைதான். கொடைக்குப் போய்வந்தவர்கள் கதையைச் சொல்வார்கள், தமாசைச் சொல்வார்கள். தாளத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை.

பக்கத்து வீட்டுப் பையன் ஒருவன் வாசலில் வந்து நின்று, ஏதோ வேடிக்கை வரப்போகிறது என்று முன்கூட்டியே சிரித்தான். பாட்டா கண்ணை மூடிக்கொண்டார்.

“இதுல சிரிக்க ஒண்ணும் இல்ல மக்ளே. கேளு.”

கால் மணி நேரம் அடித்தார். பையன் படியில் உட்கார்ந்துவிட்டான். நானும் பஸ் நேரத்தைப் பார்க்கவில்லை.