மெக்கானிக் தொடக்கூடாத இரவு

மார்த்தாண்டத்தில் பைக் ஒர்க்‌ஷாப் வைப்பதற்கு முன்னால் சவூதியில் ஜெனரேட்டர் பார்த்தேன். கடைசி வேலை 2024 ஜனவரியில், டக்கார் ராலி என்கிற பாலைவன ரேஸின் முகாமில்.

ரேஸ் என்றால் ஒரே ஓட்டமாக ஓடி முடிப்பது என்று ஊரில் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அல்உலாவில் தொடங்கி யான்புவில் முடிய இரண்டு வாரம், ஒவ்வொரு கட்டமும் ஒரு ஸ்டேஜ். அதில் நேரம் எண்ணுகிற பகுதிக்கு ஸ்பெஷல் என்று பெயர். அங்கே போய்ச் சேரவும் முகாமுக்குத் திரும்பவும் ஓட்டுகிற தூரம் லியேசான், அதில் முந்தினால் ஒன்றும் கிடைக்காது, ஆனால் உடம்பு அதிலும்தான் அலுக்கிறது.

சாயங்காலம் பைக் வந்ததும் மெக்கானிக்குகள் மேலே விழுந்து வேலை செய்வார்கள். ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டினால் புட்டுக்கு இடித்த மாவு மாதிரி மணல் கொட்டும். நம் மணவாளக்குறிச்சிக் கருமணல் கையில் கனக்கும், இது விரலிடுக்கில் நிற்கவே நிற்காது. என் ஜெனரேட்டருக்கும் அதே கதிதான், ஒரு செட்டில் லோடை மாற்றிவிட்டு மற்றதன் ஃபில்டருக்குக் காற்றடிப்பேன்.

மனசில் நிற்பது ஆறாவது ஸ்டேஜ். ரூப் அல் காலி பாலைவனத்து மணல்மேடுகளில் ஷுபைத்தா என்கிற இடத்தில் கிளம்பி அங்கேயே திரும்ப வேண்டும், இரண்டு நாள், 500 கிலோமீட்டருக்கு மேல். சாயங்காலம் 4 மணி ஆனால் அடுத்து வருகிற நிறுத்தத்தில் நின்றுவிட வேண்டும். கூடாரம், சாப்பாட்டுப் பொட்டலம், அவ்வளவுதான். மெக்கானிக் தொடக்கூடாது. காலை 7 மணிக்கு மறுபடி கிளம்பலாம்.

அன்று ராத்திரி முகாம் முழுக்க லைட் எரிந்தது, கை வைக்க ஒரு பைக் இல்லை. ஐம்பது வயசு இருக்கும் ஒரு மெக்கானிக், துடைத்த ஸ்பேனரையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார். தான் முறுக்கிவிட்ட ஒவ்வொரு போல்ட்டையும் நினைத்துப் பார்க்கிறார் என்று எனக்குப் பட்டது. பேச்சுக் கொடுக்க மனசு வரவில்லை, பக்கத்தில் போய் ஒரு டீ வைத்துவிட்டு வந்தேன்.

அந்த வருஷம்தான் கேரளத்து ஷொர்ணூர்க்காரர் ஹரித் நோவா பைக்கில் ராலி 2 என்கிற பிரிவில் முதலிடம் வந்தார், டக்காரில் ஒரு பிரிவை ஜெயித்த முதல் இந்தியர். மலையாளிப் பையன்களோடு சேர்ந்து நானும் கத்தினேன், குமரிக்காரனுக்கு மலையாளம் தூரமா என்ன.

இப்போது கடையில் பையன் ஃபில்டரைப் பார்த்து, “இன்னொரு சர்வீஸ் ஓடும்ணே” என்பான்.

“கழற்று மக்களே. வண்டிக்காரரு ராத்திரி பேச்சிப்பாறைக்குப் போறவரு. வழியில நீயும் இருக்கமாட்ட, நானும் இருக்கமாட்டேன்.”