ஒன்றரை ஷிப்ட்: ஒரு திருப்பூர் நாட்குறிப்பு

ஏப்ரல் 18, 2023, செவ்வாய்

சாயங்காலம் ஐந்து மணிக்கு சூப்பர்வைசர் தம்பி லைனுக்கு வந்து, "அக்கா, இன்னிக்கு ஒன்றரை. யாரும் பையைத் தூக்கீறாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். வெள்ளிக்கிழமை ஷிப்மென்ட். நிற்க முடியுமா என்று யாரையும் கேட்கும் வழக்கம் இல்லை.

திருப்பூர் தெரியாதவர்களுக்காக: எங்கள் கம்பெனியில் காலை 8.30 முதல் மாலை 5.30 வரை ஒரு ஷிப்ட். நடுவில் ஒரு மணி நேரம் சாப்பாடு, ஆக எட்டு மணி நேர வேலை. அதற்கு மேல் 9.30 வரை நின்றால் ஒன்றரை ஷிப்ட். ராத்திரி 1.30 வரை இழுத்தால் இரண்டு. இந்த ஊரில் "இந்த வாரம் எத்தனை ஷிப்ட்?" என்றுதான் விசாரிப்பார்கள். எத்தனை நாள் வேலைக்குப் போனாய் என்று கேட்பது குறைவு.

நான் ஓவர்லாக் டெய்லர். துணியின் ஓரத்தை வெட்டிக்கொண்டே தைக்கிற மெஷின் அது. எனக்கு சைடு அடிக்கிற, அதாவது இரண்டு பக்கத்தையும் சேர்த்துத் தைக்கிற வேலை. குழந்தைகள் டீ-சர்ட் என்பதால் பீஸ் சின்னது, கை நிற்கவே நிற்காது. எட்டு மணிக்கு மேல் கண் எரிய ஆரம்பிக்கும். பிசிர் வெட்டுகிற கத்தியிலிருந்து பறக்கும் பஞ்சு இமையில் ஒட்டும். துடைக்கக் கையை எடுத்தால் அடுத்த பீஸ் குவிந்துவிடும். இன்று ஒன்பது மணிக்குக் கொஞ்சம் முன்னால் பக்கத்து மெஷின் அக்காவின் விரலில் ஊசி இறங்கியது. நகத்தை ஒட்டி உள்ளே போய் முனை ஒடிந்துவிட்டது. கட்டுப் போட்டு ஆட்டோவில் அனுப்பினார்கள். அவர் நாலு வருஷமாக அதே மெஷினில் உட்கார்ந்தவர், பகலில் ஒரு நாளும் இப்படி ஆனதில்லை. ஆல்ட்ரேஷனுக்குத் திரும்பி வரும் பீஸ்களிலும் பாதிக்கு மேல் ராத்திரி அடித்தவைதான் என்று செக்கிங்கில் இருப்பவர்கள் சொல்கிறார்கள்.

ஏப்ரல் 20, வியாழன்

மகளுக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை இன்றோடு முடிந்தது. சமூக அறிவியல். நான் போய்ச் சேர்ந்தபோது தூங்கிவிட்டாள். கேள்வித்தாளை மடித்து டிவி மேல் வைத்திருந்தாள். எடுத்துப் பார்த்தேன். பென்சிலால் டிக் போட்டவை நிறைய இருந்தன, நன்றாகத்தான் எழுதியிருக்கிறாள் போல.

ஏப்ரல் 21, வெள்ளி

ஷிப்மென்ட் போய்விட்டது. ஆனால் ராத்திரி நியூஸ் பார்த்ததிலிருந்து தூக்கம் வரவில்லை. தொழிற்சாலைகள் சட்டத்தில் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த திருத்தம் இன்று சட்டமன்றத்தில் நிறைவேறியிருக்கிறது. ஒரு நாள் வேலை நேரத்தைப் பன்னிரண்டு மணி வரை கொண்டுபோக வழி செய்யும் 65ஏ என்கிற பிரிவு. கூட்டணியில் இருக்கும் இடதுசாரிகளும் விசிகவும்கூட எதிர்த்து வெளிநடப்பு செய்தார்கள். கர்நாடகாவில் பிப்ரவரியிலேயே இப்படி ஒன்றை நிறைவேற்றிவிட்டார்கள்.

வாரத்துக்கு 48 மணி நேரம் என்பது மாறாது, நாலு நாள் பன்னிரண்டு மணி நேரம் வேலை செய்தால் மூன்று நாள் லீவு என்று அமைச்சர்கள் விளக்கம் சொல்கிறார்கள். பனியன் கம்பெனியில் மூன்று நாள் லீவு கொடுத்து யார் பார்த்தார்கள்? பன்னிரண்டு மணி இங்கே ஏற்கெனவே நடக்கிறது. இன்றைக்கு அது சட்டப்படி ஓவர்டைம். நாளைக்கு அதுவே சாதாரண வேலை நேரம் என்று ஆகிவிட்டால், ஐந்தரைக்கு மேல் நிற்பதற்கு நாங்கள் எதை வைத்துக் கூலி கேட்போம்?

ஏப்ரல் 22, சனி

சம்பள நாள். ரம்ஜானும் என்பதால் பேக்கிங்கில் பாதிப் பேர் இல்லை.

கவரைப் பிரித்தேன். ஐந்து நாள் ஒன்றரை, இன்று ஒன்று: மொத்தம் 8½ ஷிப்ட். என் ஷிப்ட் ரேட் 480. ஆக 4,080 ரூபாய். எல்லோரும் சரியாக இருக்கிறதா என்று இந்தக் கணக்கைத்தான் போட்டுப் பார்ப்போம். சரியாகத்தான் இருக்கும். கணக்கு தொடங்குகிற இடமே தப்பு என்பது கவருக்குள் தெரியாது.

1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 59ஆம் பிரிவு சொல்வது இது: ஒரு நாளில் ஒன்பது மணி நேரத்துக்கு மேலோ, வாரத்தில் 48 மணி நேரத்துக்கு மேலோ வேலை வாங்கினால், அந்தக் கூடுதல் நேரத்துக்குச் சாதாரணக் கூலியைப் போல் இரண்டு மடங்கு தர வேண்டும். நான் ஆறு ஷிப்ட்டில் 48 மணியை முடித்துவிடுகிறேன். மிச்சம் 20 மணி நேரம் ஓவர்டைம். மணிக்கு 60 ரூபாய் என்றால் இரட்டிப்பு 120. இருபதுக்கு 2,400. ஆறு ஷிப்ட்டின் 2,880ஐச் சேர்த்தால் 5,280 வர வேண்டும். கையில் வந்தது 4,080. ஒரே வாரத்தில் 1,200 ரூபாய் குறைவு. எங்கள் வீட்டு வாடகையில் மூன்றில் ஒரு பங்கு அது.

ஓவர்டைமை "அரை ஷிப்ட்" என்று எண்ணும்போதே அந்த நாலு மணி நேரம் பகல் நேரத்தின் விலைக்கு இறங்கிவிடுகிறது. யாரும் தனியாகத் திருட வேண்டியதில்லை. ஊர் முழுக்க இப்படித்தான் எண்ணுகிறார்கள், நாங்களும் சேர்ந்தே எண்ணுகிறோம்.

இன்னொன்று. ஓவர்டைமுக்கு உச்ச வரம்பும் உண்டு. பொதுவாக மூன்று மாதத்துக்கு 50 மணி நேரம், அரசு விலக்குக் கொடுத்த இடங்களில் 75. இந்த வேகத்தில் போனால் என்னுடைய 50 மணி மூன்றாவது வாரம் முடிவதற்குள் தீர்ந்துவிடும். விலக்கே இருந்தாலும் வாரத்துக்கு 60 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. நான் இந்த வாரம் 68.

ஏப்ரல் 23, ஞாயிறு

துணி, தண்ணீர், கறிக்கடை. என் வீட்டுக்காரருக்குச் சாயப்பட்டறையில் ஒரு வாரம் பகல், ஒரு வாரம் ராத்திரி. நாங்கள் நாலு பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவது ஞாயிறு மதியம் மட்டும்தான். அந்த நேரத்திலும் அவர் பாதித் தூக்கத்தில் இருந்தார்.

அப்பா வந்திருந்தார். சட்டத் திருத்தத்தைப் பற்றிப் பேச்சு வந்ததும் 1984க்குப் போய்விட்டார். பஞ்சப்படி கேட்டு இந்த ஊர் பனியன் தொழிலாளர்கள் 127 நாள் வேலைநிறுத்தம் செய்த வருஷம் அது. அப்பா அப்போது கட்டிங்கில் உதவியாளாக இருந்தார். "வெறும் கஞ்சி, கண்ணு. அப்பறம் அதுவும் இல்லை. ஆனா ஒருத்தனும் கம்பெனி வாசல்ல காலை வைக்கலை" என்றார். அதற்குப் பிறகுதான் பெரிய கம்பெனிகள் வேலையைப் பிரித்து, சின்னச் சின்ன யூனிட்டுக்கும் காண்ட்ராக்டருக்கும் கொடுப்பது பெருகியது என்பது அவர் சொல்வது. மின்சாரத்தில் ஓடும் இடத்தில் பத்துப் பேராவது இருந்தால்தான் தொழிற்சாலைச் சட்டம் பொருந்தும். எட்டு மெஷின் போட்ட ஷெட்டில் உட்கார்ந்திருப்பவர் 59ஆம் பிரிவை எங்கே போய்க் கேட்பார்?

ஏப்ரல் 24, திங்கள்

தொழிற்சங்கங்களோடு பேசிய பிறகு திருத்தத்தை நிறுத்திவைப்பதாக முதல்வர் அறிவித்திருக்கிறார். வாபஸ் என்று சொல்லவில்லை. மே 12 வேலைநிறுத்த அறிவிப்பு அப்படியே இருக்கட்டும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இன்றும் ஒன்றரை.

ஏப்ரல் 27, வியாழன்

மதியம் சாப்பாட்டு நேரத்தில் சண்டை மாதிரியே ஆகிவிட்டது. ஓவர்டைம் வரம்பைப் பற்றி நான் சொன்னதும் பேட்லாக் (ஓரம் மடித்துத் தைக்கிற மெஷின்) அடிக்கிற பெண் கோபப்பட்டாள். "ஏனுங்க்கா, ஓவர்டைம் வேண்டாம்னு நீங்க பாட்டுக்குச் சொல்லிருவீங்க. ஜனவரில வாரத்துக்கு நாலு ஷிப்ட் தேறலை. குழு லோன் ஆரு கட்டறது? எனக்கு ஒன்றரை கெடைச்சாத்தான் கஞ்சி."

அவள் சொல்வது முழுக்க உண்மை. வருஷ ஆரம்பத்தில் வெளிநாட்டு ஆர்டர் குறைந்து நிறையப் பேர் வீட்டில் இருந்தார்கள். ஹோலிக்கு ஊருக்குப் போன வடமாநிலப் பிள்ளைகளில் சிலர், வடமாநிலத்தவரை இங்கே அடிக்கிறார்கள் என்று மார்ச்சில் கிளம்பிய பொய் வீடியோக்களால் பயந்து இன்னும் திரும்பவில்லை. ஆர்டர் வந்ததும் இருக்கிற ஆட்களை வைத்தே இழுக்கிறார்கள். ஒரு ஷிப்ட் கூலியில் குடும்பம் ஓடாது என்பதால்தான் நாங்களும் நிற்கிறோம். இதை "அவங்களே விரும்பித்தான் நிக்கறாங்க" என்று ஆபீஸ் ரூமில் சொல்லும்போது எனக்கு ரத்தம் கொதிக்கிறது. வீட்டில் அரிசி இல்லாதவள் நிற்பதற்குப் பேர் விருப்பமா?

அவளிடம் நான் சொன்னதை இங்கேயும் எழுதிவைக்கிறேன். இரண்டு மடங்கு என்று சட்டம் வைத்தது எங்களுக்கு இரக்கப்பட்டு இல்லை. அது வயலுக்குப் போட்ட வேலி மாதிரி. ஆறு மணிக்கு மேல் ஒரு டெய்லரை உட்கார வைத்தால் இரட்டிப்புச் செலவு என்று இருந்தால், முதலாளி இரண்டு தடவை யோசிப்பார். இன்னும் நாலு பேரை வேலைக்கு எடுக்கலாமா, ஷிப்மென்ட் தேதியை வாங்குகிற கம்பெனியிடம் பேசி வாங்கலாமா என்று பார்ப்பார். இப்போது ராத்திரி எட்டு மணியும் காலை ஒன்பது மணியும் ஒரே விலை. அவர் ஏன் யோசிக்க வேண்டும்? இரட்டிப்புக் கொடுத்தால் அவள் வாரத்தில் இரண்டு நாள் ஓவர்டைம் பார்த்தாலே நாலு நாள் பார்த்த காசு வரும். மிச்ச இரண்டு நாள் ஆறு மணிக்கு வீட்டில் இருக்கலாம்.

அவள் பதில் சொல்லவில்லை. டிபன் டப்பாவைக் கழுவிக்கொண்டு வந்து, "கணக்கை இன்னொருக்கா சொல்லுங்க்கா" என்றாள்.

மே 1, திங்கள்

லீவு. சென்னையில் சிந்தாதிரிப்பேட்டை மே தினப் பூங்காவில் முதல்வர் திருத்தத்தை வாபஸ் வாங்குவதாகவே சொல்லிவிட்டார். பக்கத்து வீட்டில் சத்தமாக டிவி வைத்துக் கேட்டோம்.

சரியாக நூறு வருஷத்துக்கு முன்னால், 1923 மே 1 அன்று, இந்தியாவின் முதல் மே தினத்தை சிங்காரவேலர் அதே சென்னையில் நடத்தினார். உயர் நீதிமன்றத்துக்கு எதிரே கடற்கரையில் ஒரு கூட்டம், திருவல்லிக்கேணி கடற்கரையில் இன்னொன்று. எட்டு மணி நேர வேலை கேட்டு உலகம் முழுக்க நடந்த போராட்டத்தின் நாள் அது. மகளுக்கு இதை நான் சொல்ல, அவள் புத்தகத்தில் படித்ததை எனக்குச் சொல்ல, ரொம்ப நாளைக்கு அப்புறம் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்து பேசினோம். எனக்கு அதுவே பெரிய லீவாக இருந்தது.

வாபஸ் சந்தோஷம்தான். பத்து நாள் சத்தம் போட்டதற்குப் பலன் கிடைத்திருக்கிறது. ஆனால் இதனால் எங்கள் லைனில் ஒரு நிமிஷம்கூடக் குறையப்போவதில்லை. வந்திருந்தால் கெடுத்திருக்கும் சட்டம் போய்விட்டது. 75 வருஷமாக இருக்கிற நல்ல சட்டம்தான் இன்னும் எங்கள் கம்பெனி வாசலுக்குள் வரவில்லை.

மே 4, வியாழன்

விரலில் ஊசி இறங்கிய அக்கா திரும்பி வந்துவிட்டார். வீக்கம் முழுசாக வடியவில்லை. வராத நாட்களுக்குச் சம்பளம் போடவில்லை. வேலை நேரத்தில் பட்ட காயம், அதற்குத் தொழிலாளர் காப்பீடான ஈஎஸ்ஐயில் கேட்க வழி இருக்கிறது என்று சொன்னேன். அவர் பெயர் ஈஎஸ்ஐ பட்டியலில் இருக்கிறதா என்பதே அவருக்குத் தெரியவில்லை. நாளைக்கு ஆபீஸில் கேட்கச் சொல்லியிருக்கிறேன், கூட நானும் போகிறேன்.

மே 6, சனி

சம்பளம் வாங்கியதும் சங்க ஆபீஸுக்குப் போனோம். நான், பேட்லாக் பெண், செக்கிங்கில் இரண்டு பேர். அங்கே இருந்த தோழர் நாங்கள் பேசியதைக் கேட்டுவிட்டு முதலில் ஒன்றுதான் கேட்டார்: "எத்தனை மணிக்கு உள்ளே போனீங்க, எத்தனை மணிக்கு வெளியே வந்தீங்கன்னு உங்க கையில எழுத்து இருக்கா?" கம்பெனியில் இருக்கும் ரிஜிஸ்டர் ஆடிட்டுக்கு வருபவர்களுக்குக் காட்டத் தயாரானது, அதில் நாங்கள் தினமும் ஐந்தரைக்கு வீட்டுக்குப் போய்விடுகிறோம். அதனால் நாங்களே எழுத வேண்டும். தேதி, நேரம், எந்த மெஷின், யார் நிற்கச் சொன்னார்கள், சனிக்கிழமை கவரில் எவ்வளவு. கவரையும் தூக்கிப் போடக் கூடாது. நாலு பேர் எழுதினால் ஒருவர் எழுதியதற்கு மற்றவர் சாட்சி. போதுமான வாரங்கள் சேர்ந்ததும், தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதாரத் துறைக்குப் புகாரும், குறைத்துக் கொடுத்த கூலியைக் கேட்டுத் தனி மனுவும் எழுதித் தருவதாகச் சொன்னார்.

வேலை போய்விடும் என்கிற பயம் நாலு பேருக்கும் இருக்கிறது. வரும் வழியில் குமரன் ரோட்டில் ஆளுக்கொரு நாற்பது பக்க நோட்டு வாங்கினோம். பேட்லாக் பெண் அங்கேயே கடை வாசலில் நின்று பேனா கேட்டு வாங்கி, போன திங்கள் லீவு, செவ்வாய் 9.30, புதன் 9.30 என்று எழுத ஆரம்பித்துவிட்டாள்.

திங்கட்கிழமை சைடு லைனில் இன்னும் மூன்று பேரிடம் பேச வேண்டும்.