அப்பாவின் ஒன்பது மா

2024 நவம்பர் 18
அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். நானும் தம்பியும் டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். ஒன்பது மா நிலமும் 4 லட்சத்துக்குப் போக்கியத்தில் இருக்கிறது; கடன் அடையும்வரை பணம் கொடுத்தவரே பயிர் வைத்து எடுத்துக்கொள்வார். சொசைட்டியில் அம்மாவின் சங்கிலி அடகு. ஒரு புரோநோட்டுக் கடன், 60,000. "அப்பன் கடன் மகன் தலையில" என்று பெரியப்பா சொல்லிவிட்டுப் போனதில் தம்பி இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. அப்பா விட்டுப்போன சொத்தின் அளவுக்குத்தான் நமக்குப் பொறுப்பு என்று வக்கீல் சொன்ன பிறகுதான் முகம் தெளிந்தது.

டிசம்பர் 9
வாரிசுச் சான்று வந்துவிட்டது: அம்மா, நான், தம்பி. மூன்று மாவை விற்றுக் கடனை அடைப்பதென்று முடிவு. வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தால் நிலத்தின் மேல் இன்னொரு அடமானமும் நிற்கிறது. 1994, 15,000 ரூபாய்.

"அது எப்பவோ தீந்துபோச்சேடி!" என்றாள் அம்மா.

தீர்ந்ததுதான். பழைய பத்திரத்தின் பின்பக்கம், 1998இல், 'அசலும் வட்டியும் பைசல்' என்று எழுதிக் கையெழுத்து இருக்கிறது. பத்திரத்தின் பின்னால் எழுதிய அந்த வரவு செல்லும், ஆனால் பதியாததால் வில்லங்கத்தில் ஏறாது, கடன் தீர்ந்ததற்கு ரசீது பதிந்தால்தான் வாங்குபவர் ஒப்புவார் என்றார் பத்திர எழுத்தர். அன்று கடன் கொடுத்தவர் இன்று உயிரோடு இல்லை.

டிசம்பர் 22
பாபநாசத்தில் அவர் வீடு. மூத்த மகன் பத்திரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. உள்ளேயிருந்து அவருடைய அம்மா, அந்த வீட்டுப் பாட்டி, வந்தார்.

"இவங்கப்பா நெல்லு வித்த பணத்த மஞ்சப்பையில கொண்டாந்தாரு. நான்தான்டா எண்ணி வாங்கினேன். போய்க் கையெழுத்துப் போடு."

திரும்பும்போது குடமுருட்டிப் பாலம்வரை நான் பேசவே இல்லை. 26 வருஷம் கழித்தும் ஒருத்தி அப்பாவுக்காகச் சாட்சி சொல்கிறாள்.

2025 பிப்ரவரி 12
போக்கியக்காரர் சம்பா அறுக்கும்வரை காத்திருந்தோம். நட்டவர் அறுப்பதுதான் நியாயம். இன்று பாட்டியும் பிள்ளைகளும் வந்து ரசீது பதிந்தார்கள். பிறகு மூன்று மா கிரயம். அந்தப் பணத்தில் போக்கியம் தீர்ந்தது. அதற்கும் ரசீதைக் கையோடு பதிந்துவிட்டோம்.

பிப்ரவரி 14
புரோநோட்டை அடைத்தாயிற்று. சங்கிலியை மீட்டு அம்மா கழுத்தில் போட்டேன். மாலை மூவரும் வயலுக்குப் போனோம். அறுத்த நெல் தாளுக்கு நடுவே உளுந்து முளைத்திருக்கிறது, அறுப்புக்கு முன்னால் போக்கியக்காரர் தெளித்தது. "வெதக்காசு மட்டும் குடுங்கம்மா, வெள்ளாமைய நீங்களே எடுத்துக்குங்க" என்றார். அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்தாள்.