முதல் செமஸ்டர் பைத்தானா? முதலில் நோட்டை எடுங்கள்

பிளஸ் டூவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் பக்கமே போகாமல், தமிழ் மீடியத்தில் பயாலஜி குரூப் படித்துவிட்டு இன்ஜினியரிங் வரும் பிள்ளைகள் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் நிறைய உண்டு. நானும் அப்படி வந்தவன்தான். சிவில், மெக்கானிக்கல் என்று எதை எடுத்தாலும், அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷனில் (பாடத்திட்டத்தில்) முதல் செமஸ்டரிலேயே பைத்தான் என்ற புரோகிராமிங் மொழி வந்துவிட்டது. பயப்படாதீங்க மக்கா.

முக்கியமான புரோகிராம்களை மனப்பாடம் செய்தால் போதும் என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள். கேள்வியைக் கொஞ்சம் திருப்பிக் கேட்டாலே மனப்பாடம் கைவிட்டுவிடும். எனக்குக் கைகொடுத்தது டிரை ரன். கம்ப்யூட்டர் செய்யப் போவதை வரிவரியாக நாமே நோட்டில் செய்து பார்ப்பதுதான் அது.

நம்ம ஊர் பின்கோடு 629-ல்தானே தொடங்கும்? அந்த 629-ன் இலக்கங்களைக் கூட்ட வேண்டும். நோட்டில் எண், இலக்கம், கூட்டுத்தொகை என்று மூன்று கட்டம் போடுங்கள். 629 % 10 என்றால் பத்தால் வகுத்து வரும் மீதி 9, கூட்டுத்தொகை 9. 629 // 10 என்றால் பத்தால் வகுத்து மீதியை விட்டுவிடும், எண் 62 ஆகிவிடும். அடுத்த சுற்றில் இலக்கம் 2, கூட்டுத்தொகை 11, எண் 6. அதற்கடுத்து இலக்கம் 6, கூட்டுத்தொகை 17, எண் 0. எண் 0 ஆகும்வரை இதே வரிகளைத் திரும்பத் திரும்ப ஓட்டும் வைல் லூப் அங்கே நின்றுவிடும்.

இதில் // போட வேண்டிய இடத்தில் ஒற்றைக் கோடு (/) போட்டால் எண் 62.9 ஆகும். லூப் நூற்றுக்கணக்கான தடவை சுற்றிவிட்டு, 18.89-க்குப் பக்கத்தில் ஒரு விடையைக் காட்டும். எரர் எதுவும் வராது, அதனால்தான் இது ஆபத்து. கட்டம் போட்டுப் பார்த்தவருக்கு இரண்டாவது சுற்றிலேயே பிடிபட்டுவிடும். சி மொழியில் இரண்டு முழு எண்களை ஒற்றைக் கோட்டால் வகுத்தாலே முழு எண்தான் வரும். பின்னால் சி படிக்கப் போகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

எரர் வந்தால் கடைசி வரியை முதலில் படியுங்கள். என்ன வகை எரர் என்பது அதில்தான் இருக்கும், எந்த வரி என்பது அதற்கு மேலே இருக்கும்.

லேப்டாப் இல்லையா? போன் பிரௌசரில் கூகுள் கோலாப் திறந்தால் பைத்தான் ஓடும். சி மொழிக்கு ஐஐடி பாம்பேயின் ஸ்போக்கன் டுடோரியல் பாடங்கள் தமிழிலேயே கிடைக்கின்றன. குலசேகரம், கருங்கல் பக்கமிருந்து நாகர்கோவிலுக்கு பஸ்ஸில் வருகிறவர்களுக்கு டிரை ரன் இன்னும் வசதி. நெட்டும் வேண்டாம், சார்ஜும் வேண்டாம்.

லேப் தேர்வில் நேரில் கேள்வி கேட்கும் வைவாவிலும் இதுதான் காப்பாற்றும். "இந்த வரியை எடுத்துவிட்டால் என்ன ஆகும்?" என்பது எக்ஸாமினர்கள் விரும்பிக் கேட்கும் கேள்வி. பத்தால் வகுக்கும் வரியை எடுத்துவிட்டால் எண் 629-லேயே நிற்கும், லூப் முடியவே முடியாது. கட்டம் போட்டவர் யோசிக்காமல் சொல்லிவிடுவார்.

அப்புறம், 629 புரிந்துவிட்டால் எண்ணைத் தலைகீழாக்குவது, பாலிண்ட்ரோம் (திருப்பிப் போட்டாலும் அதே எண்), ஆம்ஸ்ட்ராங் (மூன்றிலக்கத்தில், இலக்கங்களின் கனங்களைக் கூட்டினால் அதே எண்) எல்லாவற்றுக்கும் இதே லூப்தான். தலைகீழாக்க, இதுவரை கிடைத்ததைப் பத்தால் பெருக்கி இலக்கத்தைக் கூட்ட வேண்டும். மூன்றிலக்க ஆம்ஸ்ட்ராங்குக்கு இலக்கத்தின் கனத்தைக் கூட்ட வேண்டும். 153-ஐ எடுத்து இன்று ராத்திரியே கட்டம் போட்டுப் பாருங்கள்: 27, அடுத்து 152, அடுத்து 153 என்று வர வேண்டும்.